சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம்

பரமத்தி வேலூர் சாலையை விட்டுப் பண்ணைக்குப் பிரிகிற மண் தடத்தில் ஒரு வளைவு உண்டு. ஒரு வெள்வேல மரமும், அதன் அடியில் யாரோ தூக்கிப் போட்ட உடைந்த தீவனத் தொட்டியும்தான் அதற்கு அடையாளம். கோழி எருவின் வாடை அங்கேதான் தொடங்கும். முதலில் மூக்கில் ஏறும், பிறகு கண்ணைக் கரிக்கும், கடைசியில் நாக்கிலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். கல்யாணமாகி வந்த அன்று தனப்பிரியா அதே மரத்தடியில் காரை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தாள். சங்ககிரியில் லாரிப் பட்டறைகளுக்கு நடுவே டீசல் மணத்தில் வளர்ந்தவள் அவள். பட்டுப் புடவையோடு குனிந்து நின்றவளின் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, போகப் போகப் பழகிவிடும் என்றான் மோகன்குமார். கடைசிவரை பழகவில்லை. ஆஸ்பத்திரி வேலை முடிந்து ஸ்கூட்டியில் திரும்புகிற ஒவ்வொரு நாளும் அந்த வளைவில் மூச்சை அடக்கிக்கொள்வாள்.

அன்றைக்கும் அடக்கினாள். ஊரடங்கில் சாலை வெறிச்சோடிக் கிடந்தது. நாள் முழுக்க மாஸ்க்குக்குள் இருந்த மூச்சு நெடுநேரம் தாங்காமல் பாதியிலேயே இழுத்துவிட்டாள். ஒன்றும் வரவில்லை.

வண்டியை நிறுத்தி மாஸ்க்கைக் கழற்றி, மறுபடியும் ஆழமாக இழுத்தாள். மே மாதத்து வெயிலின் சூடு மட்டும் உள்ளே போனது. தடத்தின் முனையில் ஷெட்டுகள் எப்போதும் போல நீளமாகக் கிடந்தன. ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே குரலாக முனகுகிற சத்தம் காதில் விழுந்தது. காற்றும் அங்கிருந்து அவள் முகத்தை நோக்கித்தான் வீசியது. எல்லாம் இருந்தது, வாடை மட்டும் இல்லை. எட்டு வருஷமாக வெறுத்த ஒன்று வராமல் போனதற்காக அவள் மரத்தடியிலேயே நின்று மறுபடி மறுபடி முகர்ந்து பார்த்தாள்.

அனிதாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.

அனிதா அவளோடு கொரோனா வார்டில் வேலை பார்த்த நர்ஸ். கவச உடைக்குள் போய்விட்டால் யார் எவர் என்று தெரியாதென்பதால் ஒருவர் முதுகில் மற்றவர் ஸ்கெட்ச் பேனாவால் பெயர் எழுதிவிடுவார்கள். தனப்பிரியாவின் முதுகில் அனிதா ஒரு நாளும் ஒழுங்காகப் பெயர் எழுதியதில்லை. பண்ணையிலிருந்து வார்டுக்கே முட்டை கொண்டுவருகிறவள் என்று 'முட்டை சிஸ்டர்' என்று எழுதி அனுப்பிவிடுவாள். நோயாளிகளும் அப்படியே கூப்பிடுவார்கள். போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் அனிதா டிபன் பாக்ஸைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள். ரசத்தில் பெருங்காயமே போடாமல் விட்டுவிட்டேனா என்று கேட்டு, டப்பாவைத் தனப்பிரியாவின் முன்னால் நீட்டினாள். பெருங்காயம் அறை முழுக்க மணத்துக்கொண்டிருந்தது. தனப்பிரியாவின் முகத்தைப் பார்த்ததும் அனிதா டப்பாவை மூடிவிட்டாள். முதல் டெஸ்ட் நெகட்டிவ் என்று வந்தது. அடுத்தது பாசிட்டிவ். இரண்டு தடுப்பூசியும் போட்டுக்கொண்டவள், இப்போது அதே வார்டின் ஜன்னலோரப் படுக்கையில் ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு கிடக்கிறாள். ஆக்ஸிஜன் அளவு பார்க்க அவள் விரலில் மாட்டிய கருவியின் எண்ணைத் தனப்பிரியாதான் பார்த்துச் சொல்ல வேண்டும். எண் குறைந்திருந்தால் அதைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வாள். அனிதாவும் நர்ஸ்தான், கண்ணைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

ஆனால் மரத்தடியில் நின்ற தனப்பிரியாவைத் தன் உயிரைப் பற்றிய பயம் ஆட்டவில்லை. முந்தின நாள் மகள் கனிஷ்கா சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி அவளிடம் வந்துவிட்டாள். அதுதான் அவளை ஆட்டியது.

முதல் அலையில் நர்ஸுகளை லாட்ஜில் தங்க வைத்தார்கள். இந்த முறை வீட்டுக்குப் போய்வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மோகன்குமார் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். பண்ணையின் மேற்கு மூலையில், மற்ற ஷெட்டுகளை விட்டுத் தள்ளி, குஞ்சு ஷெட் இருந்தது. ஒரு தொகுதிக் குஞ்சுகள் வளர்ந்து கூண்டுக்குப் போனபின் அடுத்தது வரும்வரை அது காலியாகக் கிடக்கும். கழுவி, வெள்ளையடித்து, அதில் ஒரு கட்டிலும் மின்விசிறியும் போட்டுக் கொடுத்தான். வீட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவே தரையில் சுண்ணாம்புத் தூளால் ஒரு கோடு. வாசலில், பண்ணையாட்கள் காலை நனைத்துவிட்டு உள்ளே போகிற மருந்துத் தொட்டி. தொட்டிக்குப் பக்கத்தில், ஸ்கூட்டிச் சக்கரத்துக்கென்று ஒரு தெளிப்பான். தட்டுப்பாட்டால் அவள் திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்கிற மாஸ்க்குகளை, திங்களுக்கு ஒன்று செவ்வாய்க்கு ஒன்று என்று காகிதக் கவரில் போட்டு வெளியே ஆணியில் மாட்டிவிட வேண்டும். அவற்றை வெயிலில் காய வைக்கிற பொறுப்பும் அவனுடையதுதான்.

அவனுக்குத் தெரிந்த நோய், கோழிக்கு வரும் நோய்தான். ஒரு ஷெட்டில் வேலை பார்க்கிற ஆள் இன்னொரு ஷெட்டில் கால் வைக்கக் கூடாது என்பதை அப்பன் காலத்திலிருந்து படித்தவன். தினமும் மாலை கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று அவள் முகத்தைப் பார்ப்பான். கோழியின் கொண்டை வெளுத்திருக்கிறதா என்று பார்க்கிற அதே பார்வை.

"தீனி ஒழுங்கா எடுத்தியா?" என்று கேட்பான்.

"எடுத்தேனுங்க. முட்டை வைக்கறதுதான் பாக்கி" என்பாள் அவள். கனிஷ்கா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அந்தக் கனிஷ்காதான், முந்தின நாள் அப்பன் தண்ணீர் மோட்டாரைப் போடப் போன நேரத்தில், விளையாட்டைப் போலக் கோட்டைத் தாண்டி ஓடிவந்து அம்மாவின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தனப்பிரியா உடனே தள்ளிவிட்டிருக்க வேண்டும். கைகள் கேட்கவில்லை. பிள்ளையின் உச்சந்தலையில் ஒரு தரம் கன்னத்தை வைத்தாள், அவ்வளவுதான். பிறகு அதட்டி அனுப்பினாள். மோகன்குமாரிடம் இரண்டு பேருமே சொல்லவில்லை.

வாடை தெரியாமல் போன அன்று மாலை காகிதக் கவரை ஆணியில் மாட்டிவிட்டு ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். காப்பித் தூள் டப்பாவுக்குள் மூக்கை விட்டுப் பார்த்தாள். வெங்காயத்தை நசுக்கிப் பார்த்தாள். கண்ணில் நீர் வந்தது, வாசனை வரவில்லை. தூங்கும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கொண்டுவந்திருந்த கனிஷ்காவின் பழைய கவுனை எடுத்து முகத்தில் அழுத்தினாள். பிள்ளையின் தலை எண்ணெயும் பவுடரும் எப்போதும் அதில் இருக்கும். இப்போது அது வெறும் துணியாக இருந்தது. கவுனைக் கீழே வைத்த பிறகுதான் தொண்டை எரிவதைக் கவனித்தாள். காலையிலிருந்தே எரிந்துகொண்டுதான் இருந்தது. நாலைந்து நாட்களாக வார்டில் கண் உறுத்துவதையும், மாஸ்க்கைப் போட்டதும் மூக்கு காந்துவதையும் புதிதாக மாற்றிய தரை மருந்தின் வேலை என்று நினைத்திருந்தாள். ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கப் பார்க்க எல்லாமே ஒரே பக்கமாகப் போய்ச் சேர்ந்தன.

இருமல் வந்தது. தலையணையில் முகத்தை வைத்து இருமினாள். அப்படியும் அது வெளியே கேட்டுவிட்டது.

"ஏம் பிரியா, இருமற?" கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து மோகன்குமாரின் குரல்.

"தூசிங்க. ஷெட்டு காத்து ஒத்துக்கல."

பிறகு செருப்புச் சத்தம் தள்ளிப் போனது.

அவனிடம் ஏன் சொல்லவில்லை என்று அவளுக்கே தெரியவில்லை. தெரிந்தது, ஆனால் நினைக்கப் பிடிக்கவில்லை. கல்யாணமான இரண்டாம் வருஷம் ஒரு ஷெட்டில் கழிச்சல் நோய் வந்தது. காலையில் சில கோழிகள் கழுத்தை முறுக்கிக்கொண்டு நின்றன. மறுநாள் பொக்லைன் வந்து குழி வெட்டியது. நன்றாக இருந்தவையும் சேர்ந்தேதான் குழிக்குள் போயின. மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பைக் கொட்டி மூடினார்கள். மோகன்குமார் அழவில்லை, கத்தவில்லை. என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தான், அன்றைக்கு வீட்டில் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவன் நல்லவன். எல்லாவற்றையும் ஒரே நாளில் மூடிவிடவும் தெரிந்தவன். இப்போது தரையில் போட்டிருக்கிற கோடும் அதே சுண்ணாம்புதான். அபத்தமான நினைப்பு என்று தெரிந்தும் அவளால் அதை விலக்க முடியவில்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் வண்டியை நிறுத்தியவள் வார்டுக்குள் போகவில்லை. தலைமை நர்ஸ் தமிழ்ச்செல்வியை வராந்தாவுக்கு வரச் சொல்லி, தூரத்தில் நின்றே விஷயத்தைச் சொன்னாள். அன்றைக்கு வார்டில் இருக்க வேண்டியவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே படுக்கையில் இருந்தார்கள். அந்தக் கணக்கு அவருடைய கண்ணில் ஓடுவதைத் தனப்பிரியா பார்த்தாள்.

"போய் டெஸ்ட் குடு. பாசிட்டிவ்னா இங்கயே வந்து படு, நெகட்டிவ்னா வந்து நில்லு" என்றார் தமிழ்ச்செல்வி. பிறகு குரல் இறங்கியது. "நானும் தெனம் காப்பித் தூள மோந்து பாத்துட்டுத்தான் ஊட்டப் பூட்டறேன் கண்ணு. ஆருகிட்டயும் சொன்னதில்ல."

பரிசோதனை முடிந்ததும், ரிசல்ட் வரும்வரை வீட்டில் தனியாக இரு என்று அனுப்பிவிட்டார்கள். வெளியே வரும் வழியில் வார்டின் ஜன்னல் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அனிதா தெரிந்தாள். இந்த நேரத்தில் தனப்பிரியா ஏன் சொந்த உடையில் வெளியே நிற்கிறாள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மாஸ்க்குக்கு மேலே அவள் கண்கள் விரிந்தன. கையை மெல்லத் தூக்கிப் போ, போ என்று அசைத்தாள். உள்ளே வந்துவிடாதே என்பது போல.

குஞ்சு ஷெட்டுக்குத் திரும்பி, ஆஸ்பத்திரியில் முறை வைத்து ஆட்களுக்கு ஓய்வு கொடுக்கிறார்கள் என்று மோகன்குமாரிடம் ஒரு பொய் சொன்னாள். அவன் நம்பினானா என்று தெரியவில்லை. அன்று முழுக்கக் கட்டிலில் கிடந்தாள். கூரைத் தகரம் வெயிலில் டப் டப்பென்று வெடித்தது. முன்பு இங்கே வளர்ந்த குஞ்சுகள் எல்லாம் இந்தக் கூரையைத்தான் முதல் வானம் என்று நினைத்திருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. அவை எந்தப் பக்கம் இருந்து வந்தன, எங்கே போகின்றன என்று ஒன்றும் தெரியாமல் விளக்கின் சூட்டுக்குக் கீழே ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கும். அவளுக்கு ஒட்டிக்கொள்ள யாரும் இல்லை. விரலில் கருவியை மாட்டி மாட்டி எண்ணைப் பார்த்தாள். எண் நன்றாகத்தான் இருந்தது. அனிதாவுக்கும் முதலில் நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் காலை அந்தச் சத்தம் கேட்டது.

வீட்டுப் பக்கமிருந்து ஒரு சின்ன இருமல். பிறகு இன்னொன்று. பிறகு நிற்காமல், பாத்திரத்தில் கல்லைப் போட்டுக் குலுக்குவது போல.

தனப்பிரியா ஓடிவந்து கோட்டருகே நின்றாள். கனிஷ்கா தீவன அறை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். மோகன்குமார் தண்ணீர்ச் சொம்போடு குனிந்திருந்தான். புரை ஏறிவிட்டது, ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினான். ஆனால் அவன் முகம் வேறு மாதிரி இருந்தது. கழிச்சல் நோய் வந்த அன்று இருந்த முகம்.

அவள் கோட்டைத் தாண்டவில்லை. ஓடிப்போய்ப் பிள்ளையின் நெஞ்சில் காதை வைக்க வேண்டும் என்று உடம்பு முழுக்கத் துடித்தது. போனால் தன்னிடம் இருக்கிற நோயையும் கொடுத்துவிடுவாள். நின்ற இடத்திலேயே நின்று, காய்ச்சல் இருக்கிறதா பார் என்று கத்தினாள். இல்லை என்றான். மூச்சு வேகமாக ஓடுகிறதா பார் என்றாள். இல்லை என்றான். ஒரு வயிற்று அணைப்பு, ஒரு கன்னம், அவ்வளவுதானே என்று தனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். தொற்றுவதற்கு அது போதும் என்பது அவளைவிட யாருக்கு நன்றாகத் தெரியும். வார்டில் அதைவிடக் குறைந்ததற்குப் படுத்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள்.

மத்தியானம் தமிழ்ச்செல்வி போன் செய்தார். நெகட்டிவ். நாளைக் காலை டூட்டிக்கு வந்துவிடு என்று சொல்லி, அவள் பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.

நெகட்டிவ் என்ற சொல் உள்ளே இறங்கவே இல்லை. அனிதாவின் முதல் தாளிலும் அதுதான் எழுதியிருந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டே வெயில் தாழும்வரை உட்கார்ந்திருந்தாள். பாசிட்டிவ் என்றால் படுத்திருக்கலாம். நெகட்டிவ் என்றால் நம்பவும் முடியாது, படுக்கவும் முடியாது. நாளைக்குப் போக வேண்டும். மாஸ்க் வேண்டும். எழுந்துபோய் ஆணியில் தொங்கிய அடுத்த காகிதக் கவரை எடுத்துப் பிரித்தாள்.

முகத்தில் அறைந்தது போல ஒரு நெடி.

பின்னுக்குப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டாள். கண் கலங்கியது. அந்த நெடியை அவளுக்குத் தெரியும். பிணவறைக் கதவைத் திறந்தால் வருகிற நெடி. பார்மலின். முதலில் வந்த நினைப்பு, யார் செத்தது என்பதுதான். இரண்டாவதாகத்தான் தன் மூக்குக்கு வாடை தெரிகிறது என்பது உறைத்தது. இரண்டு நாட்களாக இந்தக் கவர் மாஸ்க்குகள் எதையும் போடாமல் தெளிந்த மூக்கு. குஞ்சுகள் வரும் முன்பு ஷெட்டை மூடி மருந்துப் புகை போடுவார்களே, அது பார்மலின் புகைதான். கோட்டுக்கு அந்தப் பக்கம், தீவன அறைக்குள், கோழித் தடுப்பூசி வைத்திருந்த பழைய பிரிட்ஜ் ஓடாமல் நிற்கிறது. அந்த அறை வாசலில்தான் காலையில் கனிஷ்கா உட்கார்ந்து இருமினாள்.

அவள் கவரைத் தூக்கிக் காட்டினாள். மோகன்குமார் கோட்டருகே வந்து நின்றான்.

"இதுக்கு என்ன பண்ணுனீங்க?"

அவன் திரும்பித் தீவன அறையைப் பார்த்தான்.

"பிரிட்ஜுக்குள்ள வெச்சுப் பொகை போட்டீங்களா? என்ற மாஸ்க்குக்கு?"

"வெயில்ல வெச்சா மட்டும் பத்தாதுன்னு பட்டுச்சு" என்றான். "அந்தப் பொண்ணு அனிதா படுத்ததுலருந்து. ராவெல்லாம் தூக்கமில்ல. நோய் புடிச்ச ஷெட்டுக்கு நாம அதத்தான பண்ணறோம். பொகை போட்டா எந்தக் கிருமியும் தாங்காது பிரியா. அப்பறம் காத்தாட வெச்சுட்டுத்தான் மாட்டுனேன்."

"நான் அதைப் போட்டுட்டு நாளெல்லாம் மூச்சு உட்டேனுங்க."

அவன் அதைப் புரிந்துகொள்வதை அவள் பார்த்தாள். முகத்திலிருந்து தோள்களுக்கு இறங்கியது அது. காலையில் பிரிட்ஜைத் திறக்கும்போது பிள்ளை காலுக்கடியில் வந்து நின்றுவிட்டாள், முகத்தில் புகை அடித்தது, உன்னிடம் சொன்னால் திட்டுவாய் என்று சொல்லவில்லை என்றான். சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டான். குழியை மூடிய அன்றைக்கு அழாதவன், முழங்கையில் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதான்.

"எனக்குத் தெரிஞ்சது அதொண்ணுதான்" என்றான்.

தனக்குக் கோபம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. பிரிட்ஜைக் கதவைத் திறந்தபடியே வெட்டவெளிக்கு இழுக்கச் சொன்னாள். தீவன அறையின் கதவையும் திறந்து போடச் சொன்னாள். பிள்ளையைக் காற்று வரும் பக்கம் வேப்ப மரத்தடிக்கு அழைத்துப்போய்த் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள். அவன் ஒவ்வொன்றையும் ஓடி ஓடிச் செய்தான். அவள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கனிஷ்காவின் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தாள். இருமல் மெல்ல மெல்ல இடைவெளி விட்டது. பொழுது சாயும்போது பிள்ளை மரத்தில் ஏறப் பார்த்தாள்.

அந்த நேரத்தில் காற்று திரும்பியது. கோழி எருவின் வாடை மெலிதாக, பிறகு முழுசாக வந்தது. தனப்பிரியா மூச்சை அடக்கவில்லை. கண்ணில் நீர் வரும்வரை இழுத்தாள்.

கனிஷ்கா கோட்டின் விளிம்பில் வந்து நின்றாள். கால் கட்டை விரலால் சுண்ணாம்பைத் தொட்டும் தொடாமலும் பார்த்தாள்.

"அம்மா, உனக்கு ஒண்ணும் இல்லீன்னு அப்பா சொன்னாரு. நான் தாண்டலாமா?"

ஒரு எட்டு தூரம். உச்சந்தலை எண்ணெய் வாசம் இப்போது தெரியும். முகத்தை வைத்தால் போதும். தனப்பிரியாவின் கைகள் தாமாகவே முன்னால் வந்தன. நாளைக்கு இந்நேரம் அவள் வார்டிலிருந்து வந்துகொண்டிருப்பாள். அந்த வளைவில் வண்டியை நிறுத்தி, வாடை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். நாளைக்கு மட்டுமா, இனி எத்தனை நாளைக்கோ. இன்று காலை கேட்ட இருமல் பொய். ஆனால் அதைக் கேட்டபோது தான் என்னவாக ஆனாள் என்பது பொய் இல்லை.

"இல்ல அம்மிணி" என்றாள். "அங்கயே நில்லு சாமி."

பிறகு மோகன்குமாரைக் கூப்பிட்டு, கோட்டை இன்னும் தள்ளிப் போடச் சொன்னாள்.

அவன் சுண்ணாம்புச் சட்டியை எடுத்துவந்தான். வேப்ப மரத்துக்கும் அப்பால் போய்க் குனிந்து, கையை அசைத்து அசைத்துத் தூளைத் தூவினான். கனிஷ்கா அம்மாவைப் பார்த்தபடியே பின்னால் நடந்துபோய், புதுக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டாள்.